கண்ணு முன்னாடி பறக்கிற பூச்சி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கண்ணாடி பவர் பத்தி எழுதினதும் எழுதினேன், அதுக்கப்புறம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துலயும் பெரும்பாலும் ஒரே கேள்விதான். கண்ணு முன்னாடி ஏதோ மிதக்குது, பறக்குது, இது என்ன, இதனால பார்வை போயிடுமா? சரி, இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். சுகர், பிரஷர் பத்தி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பார்ப்போம்.

வெள்ளை சுவத்தையோ வானத்தையோ பார்த்தா நூல் நூலா, குட்டிக் குட்டி வளையமா மிதக்குது. அதையே நேரா பார்க்கலாம்னு போனா நழுவி ஓடுது. எனக்கு வயசு 21, மைனஸ் 5 பவர் கண்ணாடி. நெட்ல தேடிப் பார்த்து தூக்கமே போச்சு.
— கல்லூரி மாணவர், திருச்சி

முதல்ல தூங்குங்க தம்பி. நீங்க சொல்றதை ஃப்ளோட்டர்ஸ்னு சொல்வாங்க, உங்க க்ளாஸ்ல இருக்கிறவங்களை வானத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க, நிறைய பேர் ஆமா எனக்கும் இருக்குன்னுதான் சொல்வாங்க, இதுவரைக்கும் கவனிக்காம இருந்திருப்பாங்க, அவ்வளவுதான்.

கண்ணுக்குள்ள லென்ஸுக்கும் பின்னாடி திரை மாதிரி வெளிச்சத்தை வாங்கிக்கிற ரெட்டினாவுக்கும் நடுவுல இருக்கிற இடம் காலியா இல்ல. விட்ரியஸ்னு ஒரு தெளிவான ஜெல் அதை நிரப்பியிருக்கு, சுமார் 4 மில்லி இருக்கும். அதுல 98, 99 சதவீதம் தண்ணிதான். மிச்சம் இருக்கிற துளியூண்டு கொலாஜன் நாரும் ஹயலுரானிக் ஆசிடும் சேர்ந்து அவ்வளவு தண்ணியையும் ஓடவிடாம ஜெல்லா பிடிச்சு வெச்சிருக்கு. நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தள்ளித் தள்ளி இருக்கிற வரைக்கும் வெளிச்சம் பாட்டுக்கு உள்ள போயிட்டு இருக்கும், ஒண்ணும் தெரியாது. நாளாக ஆக ஜெல்லுக்குள்ள அங்கங்க தண்ணி பிரிஞ்சு தேங்கும், இளநுங்கைப் பிச்சா நடுவுல தண்ணி நிக்குமே, அந்த மாதிரி. தண்ணி பிரியிற இடத்துல ஆதரவு இல்லாம போன நாருங்க ஒண்ணு சேர்ந்து திரியாவும் முடிச்சாவும் ஆகும். அந்த முடிச்சோட நிழல் ரெட்டினா மேல விழுது பாருங்க, அந்த நிழலைத்தான் நீங்க நூலா, வளையமா பார்க்கிறீங்க. ரெட்டினாவுக்கு ரொம்ப பக்கத்துல இருந்தா நிழல் நறுக்குன்னு விழும், முன்னாடி தள்ளி இருந்தா மங்கலா ஒரு மேகம் போகிற மாதிரி இருக்கும். உங்க வயசுல இன்னொண்ணும் இருக்கலாம், அம்மா வயித்துல இருக்கும்போது கண்ணோட லென்ஸுக்கு ரத்தம் கொண்டு போக இந்த ஜெல் நடுவுலயே ஒரு ரத்தக்குழாய் ஓடும், பிறக்கிறதுக்குள்ள அது கரைஞ்சு போயிடும், சிலருக்கு அதுல துண்டு துணுக்கு மிச்சம் இருக்கும்.

ஏன் நழுவி ஓடுதுன்னா, அது வெளியில எங்கயும் இல்லையே, உங்க கண்ணோடயேதான் சுத்துது. ஓரத்துல தெரியிறதை நடுவுக்கு கொண்டு வரணும்னு கண்ணைத் திருப்புறீங்க, அதுவும் கூடவே திரும்புது. அதுலயும் ஜெல் கண்ணோட வேகத்துக்கு ஈடு கொடுக்காது, கண்ணு நின்ன பிறகும் அது கொஞ்ச தூரம் மிதந்துட்டுப் போய்தான் நிக்கும். வெள்ளை சுவர், வானம், கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல மட்டும் ஏன் தெரியுதுன்னு கேட்டா, வெளிச்சம் அதிகமானா கண் பாப்பா (கண்ணு நடுவுல வெளிச்சம் உள்ள போற கறுப்பு ஓட்டை) சுருங்கும், சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சத்துல நிழல் கூர்மையா விழும், பின்னாடி வேற எந்த டிசைனும் இல்லாததால பளிச்சுன்னு தெரியும். ராத்திரி டிம் லைட்ல பாப்பா விரிஞ்சு கிடக்கும், நிழல் கரைஞ்சு போயிடும். நம்பலைன்னா ஒரு விசிட்டிங் கார்டுல குண்டூசியால ஓட்டை போட்டு, கண்ணுக்கு ஒட்டி வெச்சு வெளுத்த வானத்தைப் பாருங்க (சூரியன் பக்கம் போகவே கூடாது), இதுவரைக்கும் தெரியாததெல்லாம் வரிசையா தெரியும். அப்படியே கார்டை லேசா ஆட்டிட்டே பார்த்தா மரக்கிளை மாதிரி ஒரு வலை தெரியும், அது உங்க ரெட்டினாவோட சொந்த ரத்தக்குழாய்களோட நிழல். அது பிறந்ததுல இருந்து அங்கேயேதான் இருக்கு, ஆனா அசையாம ஒரே இடத்துல விழுற நிழலை மூளை கண்டுக்கவே கண்டுக்காது, நகர்ந்தாதான் கவனிக்கும். செக் நாட்டுக்காரர் புர்க்கின்யே 200 வருஷத்துக்கு முன்னாடியே மெழுகுவர்த்தியை கண்ணு ஓரமா ஆட்டி இந்த வலையைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார்.

உங்க மைனஸ் பவருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு. சராசரி கண்ணு முன்னால இருந்து பின்னால வரைக்கும் 23, 24 மில்லிமீட்டர் நீளம். அதுல ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டரை, மூணு பவர் மைனஸ்ல ஏறிடும். அப்போ உங்க கண்ணு மத்தவங்களோடதை விட கொஞ்சம் நீளம், ஜெல் சீக்கிரம் தண்ணியாகும், ரெட்டினாவும் இழுபட்டு ஓரத்துல சில இடம் மெலிஞ்சிருக்கலாம். அதனால பயப்பட வேண்டாம், ஆனா கண்ணாடி கடையில பவர் மட்டும் செக் பண்ணிட்டு வர்றதோட நிறுத்தாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட பாப்பாவை விரிக்கிற சொட்டு போட்டு ரெட்டினா ஓரம் வரைக்கும் பார்க்கச் சொல்லுங்க.

எனக்கு 62 வயசு. நாலு நாளா இடது கண்ணுல திடீர்னு பெருசா ஒரு வளையம், கூடவே சின்னச் சின்ன புள்ளி. ராத்திரி இருட்டுல தலையைத் திருப்பினா ஓரத்துல பளிச்சுன்னு மின்னல் வெட்டுது. வயசானா அப்படித்தான்மா, ரெண்டு வாரம் பார்ப்போம்னு மகன் சொல்றான். வலி எதுவும் இல்லை.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, கோவில்பட்டி

டீச்சர், நல்லவேளை நீங்க மெசேஜ்ல போன் நம்பர் போட்டிருந்தீங்க. இதழ் அச்சாகி உங்க கைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கிற கேள்வி இது இல்ல, அதான் அன்னைக்கே கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ரெட்டினாவுல கிழிசல் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, ஆறு வாரம் கழிச்சு திரும்ப வரச் சொல்லியிருக்காங்கன்னு நீங்க சொன்னதும்தான் நிம்மதி. மத்தவங்களுக்காக முழுசா எழுதுறேன்.

அம்பது வயசுக்கு மேல முன்னாடி சொன்ன அந்த ஜெல் தண்ணியாகி சுருங்கி, ஒரு கட்டத்துல ரெட்டினாவை விட்டு மொத்தமா பிரிஞ்சு முன்னாடி வந்துடும். இது நோய் இல்ல, தலை நரைக்கிறது எப்படியோ அப்படி முக்கால்வாசி பேருக்கு என்னைக்காவது நடக்கும். பார்வை நரம்பு கண்ணுக்குள்ள நுழையிற இடத்துல ஜெல் வட்டமா ஒட்டியிருக்கும், அங்கிருந்து பிய்யும்போது அந்த வட்டமும் கூட வந்துடும், டீச்சர் பார்த்த வளையம் அதுதான். மின்னல் எப்படின்னா, பிரியும்போது ஜெல் ரெட்டினாவைப் பிடிச்சு இழுக்குது, ரெட்டினாவுக்கு தொட்டாலும் இழுத்தாலும் அழுத்தினாலும் மூளைக்கு அனுப்பத் தெரிஞ்சது வெளிச்சம் மட்டும்தான். கண்ணை அழுத்தித் தேய்ச்சா பூப்பூவா வெளிச்சம் தெரியுமே, அதே கதை.

பெரும்பாலும் இதோட முடிஞ்சிடும். ஆனா சில பேருக்கு ஜெல் ஏதாவது ஒரு இடத்துல கெட்டியா ஒட்டியிருந்து, வரும்போது ரெட்டினாவையும் சேர்த்துக் கிழிச்சிட்டு வந்துடும். இப்படி திடீர்னு பூச்சியும் மின்னலுமா வர்றவங்களைப் பரிசோதிச்சா நூத்துல பத்து பதினஞ்சு பேருக்கு கிழிசல் இருக்கு, இது சின்ன எண்ணிக்கை இல்ல. கிழிசலா இருக்கும்போதே கண்டுபிடிச்சா சுத்தி லேசர் போட்டு தையல் போட்ட கணக்கா ஒட்ட வெச்சிடலாம், அட்மிஷன் கூட வேண்டாம், கொஞ்ச நேர வேலை. விட்டுட்டா அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள புகுந்து ரெட்டினாவையே பிச்சு எடுத்துடும், அப்புறம் பெரிய ஆபரேஷன்தான், நடுப்பகுதியும் கழண்டு போயிருந்தா ஆபரேஷன் நல்லா நடந்தாலும் பழைய பார்வை முழுசா திரும்புறது கஷ்டம். வலி இல்லைன்னு எழுதியிருந்தீங்க, மகனும் அதை வெச்சுத்தான் சும்மா இருந்திருப்பார். ரெட்டினாவுக்கு வலிக்கவே தெரியாது. மொத்தமா கழண்டாலும் வலிக்காது.

அதனால பல வருஷமா இருக்கிற ஒண்ணு ரெண்டு பூச்சி இருந்துட்டுப் போகட்டும். திடீர்னு ஒரு கூட்டமா புள்ளிகள் கொட்டினாலோ, மின்னல் புதுசா வெட்டினாலோ, ஓரத்துல இருந்து திரை இறங்குற மாதிரி நிழல் மறைச்சாலோ, பார்வை மங்கினாலோ அன்னைக்கே போயிடணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை பார்ப்போம்னு சொல்லக்கூடாது. போகும்போது கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க, கூலிங் கிளாஸ் எடுத்துக்கோங்க. சொட்டு போட்டு அரை மணி நேரம் உக்கார வைப்பாங்க, அப்புறம் டாக்டர் தலையில லைட் மாட்டிக்கிட்டு கையில லென்ஸ் பிடிச்சு அங்க பாருங்க இங்க பாருங்கன்னு எல்லா மூலையும் பார்ப்பாங்க, சில சமயம் இமை மேல லேசா அழுத்துவாங்க, கொஞ்சம் கூசும். அதுக்கப்புறம் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கலாவும் வெயில் தாங்காமலும் இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. ஆறு வாரம் கழிச்சு எதுக்கு வரச் சொல்றாங்கன்னா, முதல் நாள் இல்லாத கிழிசல் பின்னாடி வரலாம். டீச்சர், வலது கண்ணுலயும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல இதே நடக்க வாய்ப்பு இருக்கு, அப்போ பழகின விஷயம்தானேன்னு வீட்ல இருந்துடாதீங்க, அந்தக் கண்ணையும் தனியா காட்டணும்.

போன் அதிகமா பார்க்கிறதால பூச்சி வருமா?
— இல்லத்தரசி, சேலம்

வராதுங்க. வெள்ளை ஸ்கிரீன்ல ஏற்கனவே இருக்கிறது தெரியுது, அவ்வளவுதான். அதுக்காக பையன் கையில போனை கொடுத்துடாதீங்க, சின்னப் பிள்ளைங்க வெளியில விளையாடாம எந்நேரமும் கிட்டத்துலயே பார்த்துட்டு இருந்தா மைனஸ் பவர் ஏறும், அது வேற பஞ்சாயத்து.

எனக்கு 48 வயசு, 12 வருஷமா சுகர். ஒரு கண்ணுல புகை மாதிரி கறுப்பா சுருள் சுருளா இறங்குது. நண்பர் ஒருத்தர் எல்லாருக்கும் வர்ற பூச்சிதான்னு சொல்றார்.
— பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

நண்பர் சொல்றதைக் கேக்காதீங்க சார். சுகர் இருக்கிறவருக்கு புதுசா புகை மாதிரி வந்தா ரத்தக்கசிவா இருக்குமோன்னுதான் முதல்ல பார்க்கணும். சுகர் நாள்பட ரெட்டினாவோட குட்டி ரத்தக்குழாய்களை அடைச்சிடும், ரத்தம் பத்தாம போன ரெட்டினா புதுசா குழாய்களை வளர்க்கச் சொல்லி கேட்கும், அப்படி வளர்றதெல்லாம் பலவீனமான குழாய், சும்மா இருக்கும்போதே உடைஞ்சு ஜெல்லுக்குள்ள ரத்தம் கசியும். நீங்க பார்க்கிறது அந்த ரத்தத்தோட நிழலா இருக்கலாம். லேசர், கண்ணுக்குள்ள போடுற ஊசி, தேவைப்பட்டா ஆபரேஷன்னு வழி இருக்கு, எல்லாமே சீக்கிரம் போனாத்தான் வேலைக்கு ஆகும். செலவை நினைச்சு தள்ளிப்போடுறீங்கன்னா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில கண் பிரிவு இருக்கு, சென்னைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 1819-லேயே ஆரம்பிச்ச எழும்பூர் கண் ஆஸ்பத்திரி இன்னைக்கும் இருக்கு. சுகர் உள்ளவங்க பார்வை நல்லா இருந்தாலும் வருஷா வருஷம் ரெட்டினா செக்கப் போகணும், பார்வை மங்கின பிறகு போறதுன்னா பல சமயம் காலம் கடந்து போயிருக்கும்.

அப்பாவுக்கு புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாசம். அதுக்கு முன்னாடி பூச்சியே கிடையாது, இப்போ எந்நேரமும் கையை வீசி கொசு விரட்டிட்டே இருக்கார். டாக்டர் ஏதோ சொதப்பிட்டாருங்கறார்.
— வங்கி ஊழியர், புதுச்சேரி

டாக்டரைத் திட்ட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. புரையோட இருந்தப்போ பனி மூடின கண்ணாடி வழியாத்தான் உலகத்தையே பார்த்துட்டு இருந்தார், அதுல பூச்சி எங்க தெரியும்? இப்போ உள்ள தெளிவான லென்ஸ் வெச்சதும் பழைய பூச்சியெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. இன்னொரு காரணம், நம்ம சொந்த லென்ஸ் நாலஞ்சு மில்லிமீட்டர் தடிமன், வெச்ச லென்ஸ் ரொம்ப மெல்லிசு, கிடைச்ச இடத்துக்கு ஜெல் முன்னாடி நகரும், அதனால மேல டீச்சருக்கு நடந்த அந்தப் பிரிதல் கொஞ்சம் சீக்கிரமே நடக்கும். அதனாலயே அவரும் ஒரு தடவை ரெட்டினா காட்டிட்டு வர்றது நல்லது. ஆபரேஷன் பண்ண கண்ணு சிவந்து, வலிச்சு, பார்வையும் மங்கிட்டே போனா மட்டும் அது கிருமித் தொற்றா இருக்கலாம், அப்போ மணிக்கணக்குல தாமதிக்கக்கூடாது.

ரெண்டு வருஷமா பூச்சி. ரெண்டு டாக்டர்கிட்ட காட்டிட்டேன், ஒண்ணும் இல்லை பழகிக்கோங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எந்நேரமும் கோடிங் பண்றவன் நான், ஸ்கிரீன்ல எழுத்துக்கு மேல மிதக்குது, பைத்தியம் பிடிச்சிடும் போல. சொட்டு மருந்து, மூலிகை, அன்னாசிப்பழம்னு யூடியூப்ல சொல்றதெல்லாம் வேலை செய்யுமா? லேசர்?
— மென்பொருள் ஊழியர், சென்னை

டாக்டர் சொன்னதுல தப்பு இல்ல, சொன்ன விதத்துல கொஞ்சம் தப்பு இருக்கு. அவங்களுக்கு இது ஆபத்து இல்லாத விஷயம், உங்களுக்கு எட்டு மணி நேரமும் கண்ணு முன்னாடி. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ஜெல்லுக்குள்ள வெள்ளை வெள்ளையா கால்சியம் துணுக்கு நூத்துக்கணக்குல மிதக்கிற ஒரு நிலைமை இருக்கு, டாக்டர் உள்ள பார்த்தா நட்சத்திரக் கூட்டமா தெரியும், ஆனா அந்த ஆளுக்கு பெரும்பாலும் எதுவுமே தெரியாது. உங்களுக்கோ ஒரே ஒரு நார் நடுவுல நின்னு பாடாப் படுத்துது. அதனால டாக்டர் கண்ணுக்குத் தெரியிற அளவை வெச்சு உங்க தொந்தரவை அளக்க முடியாது.

சொட்டு மருந்தால ஒண்ணும் ஆகாது, எந்த சொட்டும் போய் அந்த நாரைக் கரைக்காது. அதுலயும் யாரோ வீட்ல காய்ச்சின மூலிகைச் சாறை, தேனை கண்ணுல விடுறது கருவிழியையே புண்ணாக்கி விட்டுடும், தயவு செஞ்சு வேண்டாம். அன்னாசிப்பழம் நல்ல பழம், சாப்பிடுங்க, ஆனா அதுல இருக்கிற என்சைம் வயித்துல செரிச்சது போக கண்ணுக்குள்ள வந்து குறிபார்த்து நாரை மட்டும் அறுக்கும்னு நம்புறதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியல.

யாக் லேசர்னு ஒண்ணு இருக்கு, பெரிய முடிச்சா, லென்ஸுக்கும் ரெட்டினாவுக்கும் தள்ளி நடுவுல மிதந்தா அதைச் சுட்டு ஆவியாக்கவோ உடைக்கவோ பார்ப்பாங்க. வளையம் மாதிரி பெரிய பூச்சிக்கு சிலருக்கு பலன் இருக்கு, சின்ன வயசுல வர்ற மெல்லிசு நூல் பெரும்பாலும் ரெட்டினாவை ஒட்டியே இருக்கும், அங்க லேசர் சுடுறது விளையாட்டு இல்ல, உடைஞ்ச துண்டு ஒண்ணு நாலாகி தெரியவும் வாய்ப்பு இருக்கு. கடைசி வழி விட்ரெக்டமி, அந்த ஜெல்லையே உறிஞ்சி எடுத்துட்டு வேற திரவம் நிரப்புற ஆபரேஷன். 1970 வாக்குல அமெரிக்காவோட மயாமில ராபர்ட் மாக்கமர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சு வெச்சது, கண்ணுக்குள்ள ரத்தம் தேங்கினவங்களுக்கெல்லாம் அது பெரிய வரம். பூச்சியும் போயிடும்தான், ஆனா அதுக்கப்புறம் புரை சீக்கிரம் வரும், ரெட்டினா கிழியிற, கழண்டு போற அபாயம் உண்டு, தொற்றும் அபூர்வமா வரலாம். பார்வை நல்லா இருக்கிற ஒரு கண்ணை ஒரு நூலுக்காக அந்த ரிஸ்க்ல இறக்கணுமான்னு டாக்டர் ரெண்டு தடவை யோசிக்கிறது நியாயம்தான். ரொம்ப முடியலைன்னா பொதுவான கண் டாக்டர்கிட்ட இல்லாம ரெட்டினா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போய் உக்காந்து பேசுங்க, நீங்க எந்த வேலைக்கு எவ்வளவு கஷ்டப்படுறீங்கன்னு சொல்லுங்க.

அதுவரைக்கும் எடிட்டரை டார்க் மோடுல போடுங்க, ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைங்க, ஜன்னலுக்கு எதிர உக்காராதீங்க, வெயில்ல கூலிங் கிளாஸ் போடுங்க. பாப்பா விரிஞ்சிருந்தா நிழல் கூர்மை குறையும்னு மேல சொன்னேனே, அதே கணக்குதான். நடுவுல வந்து நிக்கும்போது கண்ணை மேலயும் கீழயும் வேகமா உருட்டினா ஜெல் கலங்கி கொஞ்ச நேரத்துக்கு ஓரமா போகும். பல பேருக்கு மாசக்கணக்குல அது கீழ தணிஞ்சு போகுது, மூளையும் கண்டுக்காம விடப் பழகுது, ஆனா தினமும் காலையில எழுந்ததும் இருக்கா இருக்கான்னு சுவத்தைப் பார்த்துத் தேடுறவங்களுக்கு அந்தப் பழக்கம் வரவே வராது. நீங்க தேடுறீங்கன்னு உங்க லெட்டர் நீளத்துலயே தெரியுது, அதை மட்டும் நிறுத்திப் பாருங்க.

ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துல பளபளன்னு ஸிக்ஸாக் கோடு வந்து பெருசாகிட்டே போய் அரை மணி நேரத்துல மறைஞ்சிடுது. அப்புறம் தலைவலி. இதுவும் பூச்சியா?
— செவிலியர், மதுரை

இல்லம்மா, இது மைக்ரேன் கணக்கா இருக்கு. கண்ணுல இல்ல, மூளையில பார்வையைப் பார்த்துக்கிற பகுதியில நடக்கிற விஷயம், அதான் ரெண்டு கண்ணுலயும் சேர்ந்து வருது. முதல் தடவை வந்திருந்தாலோ, அம்பது வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்சிருந்தாலோ நரம்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நீல வானத்தைப் பார்த்தா குட்டிக் குட்டி வெளிச்சப் புள்ளிங்க புழு மாதிரி விறுவிறுன்னு ஓடுது. எங்க மிஸ்கிட்ட கேட்டேன், தூசின்னு சொல்லிட்டாங்க.
— ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

இந்த வாரக் கேள்வியிலேயே எனக்குப் பிடிச்சது உன்னோடதுதான் கண்ணு. தூசியும் இல்ல, மேல எல்லாரும் கேட்ட பூச்சியும் இல்ல. நீ பார்க்கிறது உன்னோட ரத்தத்துல ஓடுற வெள்ளை அணுக்களை! ரெட்டினாவோட முன்பக்கத்துல தலைமுடியை விட மெல்லிசான ரத்தக்குழாய்கள் இருக்கு, அதுல சிவப்பு அணுக்கள் நெருக்கமா வரிசை கட்டிப் போகும். சிவப்பு அணு நீல வெளிச்சத்தை உறிஞ்சிக்கும், வெள்ளை அணு விட்டுடும். அதனால நடுவுல ஒரு வெள்ளை அணு வரும்போது அந்த இடத்துல மட்டும் நீல வெளிச்சம் உள்ள வந்து ஒரு புள்ளி மினுங்கிட்டு ஓடும். மேகத்தைப் பார்த்தா சரியா தெரியாது, நீலம்தான் வேணும். பூச்சி மெதுவா மிதக்கும், கண்ணை நிறுத்தினா அதுவும் நிக்கப் பார்க்கும், இந்தப் புள்ளிங்க நீ கண்ணை ஆட்டாம இருந்தாலும் ஓடிட்டேதான் இருக்கும். மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுக்கிட்டே பாரு, துடிப்புக்கு ஏத்த மாதிரி வேகம் கூடிக் குறையும். மிஸ்ஸையும் கூட்டிட்டுப் போய் காட்டு, ரெண்டு பேரும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கோங்க.